நோனாவின் மிச்ச ஊர்கள்

சூயஸ் கால்வாய் மூடப்பட்ட வருடம் என் சிநேகிதி ஐரோப்பாவில் இருந்தாள். திருகோணமலையிலிருந்து அதற்கு முன்னர் ஒருவரும் அங்கே போகவில்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரனின் கடற்படை இருந்த காலத்தில் கப்பல் வேலைக்கு என்று போனவர்கள் இருந்தார்கள். ஒரு டொக்டர் போய்ப் படித்துவிட்டு வந்தார். ஆனால் திருக்கடலூர்க் கரையிலிருந்து ஒரு பெண், அதுவும் முப்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டாத ஒரு பெண் போனது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தகப்பன் காய்ச்சலில் செத்த பிறகு அவள் படிப்பை விட்டுவிட்டு, உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில் ஒரு வெள்ளைக்கார வீட்டுக்கு வேலைக்குப் போனாள். நான் தொடர்ந்து படித்து, பயிற்சிக் கலாசாலை முடித்து, அதே பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்க வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். எங்களுக்குள் பெரிய இரகசியங்கள் இருக்கவில்லை. மீன் விலை, தைத்த சட்டை, யாருக்குப் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான் கதை.

அவள் வேலை செய்த வீட்டு வெள்ளைக்கார எசமானியை நோனா என்றுதான் சொல்வோம். நோனாவின் புருசன் கடற்படைத் தளத்தில் எஞ்சினியராக இருந்தவர். தளத்தைக் கையளித்துவிட்டு மற்ற வெள்ளைக்காரர்கள் போனபோது அவர்கள் போகவில்லை. அவர் இங்கேயே செத்து, இங்கேயே அடக்கமானார். அதற்குப் பிறகு நோனாவுக்கு இடுப்புக்குக் கீழே மெல்ல மெல்ல இயங்காமல் போனது. என் சிநேகிதிதான் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் துறைமுகத்தைக் காட்டுவது எல்லாம். ஆங்கிலமும் அந்தக் கதிரைக்குப் பின்னால் நின்று படித்ததுதான். எழுத வராது, ஆனால் என்னைவிட நன்றாகக் கதைப்பாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வந்து குசினி வாங்கில் இருந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நோனா என்னையும் கூட்டிக்கொண்டு போகப்போறாவாம்," என்றாள்.

"எங்க, கொழும்புக்கோ?"

"இத்தாலிக்கு. பிறகு வேற எங்கெல்லாமோ. கடைசியா இங்கிலாந்து. அங்க அவவின்ர சொந்தக்காரர் பொறுப்பெடுப்பினமாம். நான் கப்பலில தனியத் திரும்பி வரவேணும். நீதானே உதெல்லாம் படிப்பிக்கிறாய், உந்த இடமெல்லாம் எங்க கிடக்கு எண்டு சொல்லு பாப்பம்."

கலியாணமான புதிதில் நோனாவும் புருசனும் ஐரோப்பாவில் சுற்றிய ஊர்களை எல்லாம் சாகமுதல் ஒருக்கால் பார்க்கவேண்டுமாம். கதிரை தள்ள ஆள் வேண்டும். கப்பல், ரயில் கோச்சி, தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ரிக்கற் எடுத்தாயிற்று.

"நீ என்ன சொன்னனீ?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? ஓம் எண்டனான். அண்ணைதான் விடவேணும்."

அவளுடைய அண்ணர் துறைமுகத்தில் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். தங்கச்சிக்குக் கலியாணம் செய்துவைக்க முடியவில்லை என்ற வெட்கம் அவரிடம் எப்போதும் இருந்தது. அவர் ஏலாது என்றுதான் சொல்வார் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். அவரிடம் கேட்க நோனாவே காரில் திருக்கடலூருக்கு வந்தாள். கார் றோட்டோடு நின்றுவிட்டது. ஒழுங்கை முழுக்க மணல், சில்லுக் கதிரை உருளவில்லை. கடைசியில் அண்ணரும் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் நோனாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் இருத்தினார்கள். நோனா தனக்குத் தெரிந்த தமிழில், "உம்முடைய தங்கச்சி கவனமாகப் போகும், கவனமாக வரும்," என்றாள். அண்ணர் தலையாட்டினார்.

"தோளில தூக்கிக்கொண்டு வந்து இருத்தின ஆளிட்ட, ஏலாது போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

அவர்கள் புறப்பட்டபோது ஸ்ரேசனுக்குப் போனேன். என் சிநேகிதி சேலைக்கு மேல் நோனாவின் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். பெட்டியில் வைக்க இடமில்லையாம். முகமெல்லாம் வியர்த்து ஒழுகியது. அழவில்லை. நானும் அழவில்லை. அண்ணரின் பெண்சாதி, அவளுடைய மச்சாள்தான் அழுதாள், இவள் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்பதும் அந்த அழுகையில் கொஞ்சம் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் போகும் இடங்களைத் தேடிப் பார்ப்பது என் வேலையாயிற்று. பள்ளிக்கூடத்து அலுமாரியில் ஒரு பெரிய தேசப்படப் புத்தகம் கிடந்தது. கடற்படைக்காரர் போகும்போது விட்டுவிட்டுப் போனது, இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னர் அச்சடித்தது. அதில் எல்லைகள் பல இப்போது இல்லாதவை. வேறு நல்ல படம் பள்ளிக்கூடத்தில் இல்லாததால் அதைத்தான் வைத்துக்கொண்டேன்.

அவளிடமிருந்து வந்தவை எல்லாம் போஸ்ட்காட்டுகள். உறைக்குள் வைக்காத அட்டை என்பதால் என் கைக்கு வருமுன்பே தபால்காரர் படித்துவிடுவார். கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வந்து போகிற முஸ்லிம் மனிதர் அவர். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. சைக்கிளை மதிலில் சாத்தும்போதே சொல்வார்.

"ரீச்சர், இண்டைக்கு எரிமலை."

"புகைக்குதோ?"

"படத்தில புகை இல்ல. ஆனா எரிமலைதான் எண்டு எழுதியிருக்கா. படி கூடவாம்."

அது நேப்பிள்ஸ். ஏடனில் இருந்தும் போர்ட் சைட்டில் இருந்தும் ஒவ்வொன்று அதற்கு முதலே வந்திருந்தன, அவற்றில் சுகம் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. தரை மிதித்த பிறகு எழுதியவற்றில் எல்லாம் படியும் றோட்டும்தான். 'இஞ்ச றோட்டெல்லாம் உருண்டைக் கல்லுப் பதிச்சிருக்கு. சில்லு இடுக்கில இறங்கிப்போகுது.' 'கோயில் பெரிசு. வாசலில படி. பின்பக்கத்தால சரிவு வைச்ச கதவு ஒண்டு இருக்கெண்டு ஒரு சாமியார் காட்டினவர்.' 'புளோறன்ஸில நாங்கள் இருக்கிற வீட்டில லிப்ற் இருக்கு. கதிரை அதுக்குள்ள போகாது.'

வெனிஸைப் பற்றி நான் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். தீவுகள், கால்வாய்கள், கண்ணாடித் தொழில். அவள் எழுதியது, 'இந்த ஊரைப்போல ஒரு கரைச்சல் பிடிச்ச ஊரைக் காணேல்லை. பாலமெல்லாம் படி வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள். பத்தடிக்கு ஒரு பாலம். தூக்கிறதுக்கு ரெண்டு பேரைப் பிடிச்சனாங்கள். நோனாவுக்கு நல்ல சந்தோசம். எனக்கு முதுகு நோகுது.'

நான் இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், "ரீச்சர், அப்ப அந்த ஊரில நடக்க ஏலாத ஆக்கள் என்ன செய்வினம்?" என்று கேட்டாள். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், அல்லது வள்ளத்தில் போவார்கள் என்று சொன்னேன்.

எனக்குப் பொறாமை வந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வந்திருக்கலாம், ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒரு சின்னச் சங்கடம்தான். நான் அட்டையை வாசிக்கும் ஊரில் அவள் அப்போது இருக்கமாட்டாள். அட்டை வந்து சேர எடுக்கும் காலத்தில் அவள் இன்னும் இரண்டு ஊர் தாண்டியிருப்பாள். அதனால் படத்தில் விரலை வைக்கும்போதெல்லாம் அவள் இல்லாத இடத்தில்தான் வைக்கிறேன் என்று தெரியும். அண்ணர் அப்படி யோசிக்கவில்லை. ஒவ்வொரு அட்டை வந்ததும் பின்னேரம் வேலை முடிந்து எங்கள் வீட்டுப் படலையடிக்கு வருவார். உள்ளே வரமாட்டார்.

"இப்ப எங்கயாம்?"

"வெனிஸ், அண்ணை."

"கடல் ஊரோ?"

"ஓம். கடலுக்குள்ளதான்."

"அப்ப பறவாயில்லை," என்பார். கடல் இருந்தால் அவருக்குப் பறவாயில்லை.

வெனிஸுக்குப் பிறகு ஒரு இடைவெளி வந்தது. எனக்குப் பயமாக இருக்கவில்லை, தபால் பிந்துகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் நான் வகுப்பில் நிற்கும்போது அண்ணர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். வேலை உடுப்போடு, கையெல்லாம் கிறீஸ். கையில் ஒரு தந்தி. ஆங்கிலத்தில் இருந்ததால் யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் என்னைக் கொண்டும் வாசிப்பிக்க வேண்டும் என்று வந்திருந்தார். நோனா இறந்துவிட்டா, நான் சுகம், எழுதுகிறேன். அவ்வளவுதான் அதில் இருந்தது. அனுப்பிய இடம் இன்ஸ்புரூக்.

"உது எங்க கிடக்கு?"

தேசப்படப் புத்தகத்தை எடுத்து ஆசிரியர் அறை மேசையில் விரித்தோம். ஊரைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மலைகளுக்கு நடுவில், சின்ன எழுத்தில் இருந்தது. அண்ணர் குனிந்து பார்த்தார். அந்த இடமெல்லாம் ஒரே நிறத்தில், ஜெர்மனி என்று பெரிய எழுத்து அதன் மேல் ஓடியது.

"ஜெர்மனி," என்றார்.

"இது பழைய படம் அண்ணை. ஒஸ்ரியா எண்டு வேற நாடு இருக்கு. இப்ப அது தனி."

"இஞ்ச ஜெர்மனி எண்டெல்லோ போட்டிருக்கு."

"அப்ப போட்டது. இப்ப அப்பிடி இல்லை."

அவர் என் சொல்லையும் கேட்டார், அச்சடித்த எழுத்தையும் பார்த்தார். அச்சடித்த எழுத்தை நம்பினார். அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குக் கோச்சி ஏறினார். ஜெர்மன் தூதரகத்து வாசலில் காத்துநின்று, உள்ளே போய், என் தங்கச்சி உங்கட நாட்டில தனிய நிக்கிறாள், அனுப்பிவையுங்கோ என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகக் கதிரை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, அந்த ஊர் தங்கள் நாட்டில் இல்லை என்று சொல்லி, எங்கே விசாரிக்கலாம் என்று ஒரு விலாசமும் கொடுத்தார்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே இருந்தவர்கள் விசாரித்துச் சொல்கிறோம் என்ற பிறகு, ஒரு மடத்தில் தங்கி நாலைந்து நாள் நடந்திருக்கிறார். கடைசியில் கிடைத்த பதில், நோனாவை அங்கேயே அடக்கம் செய்தாயிற்று, கூட வந்த பெண் ஊரை விட்டுப் போய்விட்டாள், வடக்கே போகிற கோச்சியில்.

திரும்பி வந்த அன்று படலையடியில் நிற்கவில்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"ரீச்சர், வீட்டுக்கு வாற பாதை எந்தப் பக்கம்? படத்தில."

"தெற்குப் பக்கம். இத்தாலிக்கு வந்து கப்பல் ஏறவேணும்."

"அப்ப ஏன் வடக்க போனவள்?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் திருக்கடலூரில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவள் ஒரு வெள்ளைக்காரனோடு போய்விட்டாள் என்று சிலர் சொன்னார்கள். நோனாவின் நகையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று வேறு சிலர். மச்சாள் தண்ணிக் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தபால்காரரிடம் ஒன்றும் வரவில்லையா என்று கேட்டால், வந்தால் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வருவேன் என்றார். அப்படியே வந்தார். ஒழுங்கை முனையிலிருந்து மணிச் சத்தம் கேட்டது.

"ரீச்சர், ஆள் பத்திரமா இருக்கா," என்று அட்டையைத் தருமுன்பே சொன்னார். "அவ தனியப் போறாவாம். நீங்களே பாருங்க."

இரண்டு அட்டைகளில் தொடராக எழுதியிருந்தாள். 'நோனா விடிய எழும்பேல்லை. இங்கிலாந்தில இருந்து மருமகன் பிளேனில வந்து எல்லாம் செய்தவர். நல்ல மனிசன். உன்னை இத்தாலிக்கு அனுப்பிக் கப்பல் ஏத்திவிடுறன் எண்டவர். நான் சொன்னனான், நோனா பாக்கவேணும் எண்ட ஊர்களில பாதிதான் முடிஞ்சுது, மிச்சத்துக்கு ரிக்கற் எடுத்தபடி கிடக்கு, என்ர கப்பலும் இங்கிலாந்தில இருந்துதான், நான் போய்ப் பாத்துக்கொண்டு போறன் எண்டு. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு ரிக்கற் புத்தகத்தை என்ர கையில தந்தவர். அண்ணைக்கு நீ பக்குவமாச் சொல்லு.'

பக்குவமாகச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் துறைமுக வாசலுக்குப் போய் அண்ணரைக் கூப்பிடச் சொன்னேன். சாப்பாட்டுப் பார்சலைக் கையில் வைத்தபடி வந்தார். வேலியோரத்து நிழலில் நின்று அட்டையை அப்படியே வாசித்தேன், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பின்னால் வின்ச் சத்தம்.

"தனியவோ?"

"ஓம் அண்ணை."

"ஒருத்தரும் கூட இல்லையோ?"

"இல்லை எண்டுதான் எழுதியிருக்கிறாள்."

அவர் பார்சலைப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?" என்றார்.

"தங்கிற இடத்தில சாப்பாடும் சேர்த்துத்தான் ஒழுங்குபண்ணியிருக்காம்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கொஞ்சத் தூரம் போய் நின்று, "வெள்ளைக்காரனும் இல்லை, நகையும் இல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ ரீச்சர். நான் சொன்னால் நம்பமாட்டினம். நீங்கள் சொன்னால் நம்புவினம்," என்றார். நான் சொன்னேன். பாதிப்பேர் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த அட்டைகள் வேறு மாதிரி இருந்தன. அதை நான் உடனே கவனிக்கவில்லை, முதல் தொகுதியோடு சேர்த்து அடுக்கியபோதுதான் தெரிந்தது. படி இல்லை, கல் இல்லை, சரிவு இல்லை. ரைன் ஆற்றில் வள்ளத்தில் போனது, கரையில் இரண்டு பக்கமும் கொடிமுந்திரிகைத் தோட்டம் செங்குத்தாக நின்றது, பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தது. ஒரு ஊரில் மணிக்கூண்டில் ஏறினாளாம். ஏன் ஏறினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் ஏறினேன் என்று எழுதியிருந்தாள். பெல்ஜியத்தில் பின்னல் வேலை செய்கிற பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தாள். அவர்கள் அவளுடைய சேலைக் கரையைப் பிடித்துப் பார்த்தார்கள், இவள் அவர்களுடைய பின்னலைப் பிடித்துப் பார்த்தாள்.

இங்கிலாந்தில் நோனா பிறந்த கடற்கரைக் கிராமத்துக்குப் போனாள். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கதவைத் தட்டி, இந்த வீட்டில் பிறந்தவர் செத்துப்போனார், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றிருக்கிறாள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நோனாவைத் தெரியாது. ஆனால் கோட்டு நனைந்திருக்கிறது, உள்ளே வாரும் என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள். மருமகன் வீட்டுக்குப் போகவில்லை. அங்கே போனால் ஏதாவது வேலை செய்யவேண்டி வரும் என்று எழுதியிருந்தாள்.

அவள் கப்பல் ஏறும் நாட்களில்தான் மத்திய கிழக்கில் யுத்தம் வந்தது. றேடியோவில் கால்வாய் மூடிவிட்டது என்று கேட்டேன். இந்த முறை அண்ணருக்கு நான் படம் காட்டவேண்டி இருக்கவில்லை. துறைமுகத்து ஆட்களுக்கு அது எங்களைவிட முதலே தெரியும், வரவேண்டிய கப்பல்கள் வராமல் வின்ச் சும்மா நின்றது. அவரே வந்து எனக்கு விளங்கப்படுத்தினார்.

"ஆபிரிக்காவைச் சுத்தி வரவேணும் ரீச்சர். அங்கால கடல் பொல்லாதது. கப்பல்காரர் சொல்லுறாங்கள்."

"பெரிய கப்பல்தானே அண்ணை."

"பெரிசுதான்," என்றார். தினமும் வேலை முடிந்து கோணேசர் கோயிலுக்கு ஏறிப்போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்று மச்சாள் சொன்னாள்.

ஆடி மாதத்தில் வந்து சேர்ந்தாள். அண்ணர் கொழும்புக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். கப்பலடியில் அவளைக் கண்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம். நான் அடுத்த நாள் போனேன். வீடு நிறையச் சனம். கதைகட்டியவர்களும் வந்து பாயில் இருந்தார்கள். அங்கே எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள்.

"குளிர்," என்றாள்.

"வேற?"

"துப்புரவு."

"வேற என்னடி பாத்தனீ?"

"கனக்கப் பாத்தனான்," என்றாள். பிறகு எழும்பிப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டாள். சனம் ஏமாற்றத்தோடு கலைந்தது. மிச்சக் கதையை அண்ணர்தான் ஒழுங்கையில் நின்று சொன்னார், ரைன் ஆற்றையும் மணிக்கூண்டையும் தான் போய்வந்தது போல.

என்னிடமும் அவள் ஒரேயடியாக ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுதுண்டாக வந்தது. தென்னாபிரிக்காவின் டர்பனில் கப்பல் நின்றபோது கீழே இறங்க விடவில்லை, ஆனால் கரையில் மூட்டை ஏற்றியவர்கள் இரண்டு பேர் தமிழில் சண்டை பிடித்தார்கள், மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவே போதும் போல இருந்தது என்று ஒரு நாள் சொன்னாள்.

நோனா செத்ததைச் சொன்னது புரட்டாதியில். கடற்கரை மணலில் இருந்தோம். நான் கேட்கவில்லை.

"முதல் நாள் பின்னேரம் யன்னலடியில கதிரையைக் கொண்டுபோய் விடச் சொன்னவ. மலை முழுக்கப் பனி. இதே யன்னல்தான் எண்டவ. அந்தக் காலத்தில வந்து நிண்ட அறையாம். விடிய தேத்தண்ணி கொண்டு போனனான். பாத்த உடன தெரிஞ்சுது."

"பயந்திட்டியோ?"

"இல்லை. கதவைச் சாத்தினனான். முகம் துடைச்சு, சீப்பால தலை இழுத்து, அவவுக்குப் பிடிச்ச நீலச் சட்டையைப் போட்டுவிட்டனான். எல்லாம் முடிச்ச பிறகுதான் கீழ போய்ச் சொன்னனான். சொன்னால் அவங்கள் வந்து எடுத்துப்போடுவாங்கள், பிறகு என்னைத் தொட விடமாட்டாங்கள் எண்டு தெரியும்."

அலைக்கு ஒரு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிறகு ஏன் போனனீ? வந்திருக்கலாமே."

"வந்தால் என்ன? மச்சாளின்ர குசினிதானே. அது எங்கயும் போகாது எண்டு தெரியும்." கொஞ்சம் சிரித்தாள். "கோச்சியால இறங்கின உடன எனக்கு நடக்கத் தெரியேல்லை. கை ரெண்டும் முன்னுக்கு நீட்டினபடி. பிடிக்க ஒண்டும் இல்லை. சனம் பாக்குதே எண்டு பையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நடந்தனான். ரெண்டு மூண்டு ஊர் தாண்டின பிறகுதான் கையை வீசி நடந்தனான்."

அன்று அவளுக்காக நான் வருத்தப்பட்டேனா, சந்தோசப்பட்டேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருட்டுமுன் எழும்பி வீட்டுக்கு வந்தோம்.

மேட்டு வீட்டை அரசாங்கம் எடுத்து யாரோ உத்தியோகத்தருக்குக் கொடுத்தது. அவள் கொஞ்சக் காலம் பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தாள். நாற்பது தாண்டிய பிறகு, எல்லோரும் மறந்துபோன நேரத்தில், கிளிவெட்டியில் மனைவியை இழந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரர் பெண் கேட்டு வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தன. ஐரோப்பாவுக்குப் போனவள் என்று யாரோ அவரிடம் குறையாகச் சொன்னார்களாம். அவர், "போனவ திரும்பி வந்திட்டா தானே," என்றாராம். அண்ணர் தான் செத்தாலும் இனிப் பறவாயில்லை என்றார். சாகவில்லை, பென்சன் எடுத்து இன்னும் அதிக காலம் இருந்தார்.

அவள் கலியாணம் கட்டிப் போன பிறகு, வருடத்துக்கு ஒருமுறை லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கிளிவெட்டிக்கு அவளிடம் போவேன். கடைசியாகப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், சூடடிப்பு முடிந்த நேரம். புருசனின் தங்கச்சி மகன், இருபது வயது இருக்கும், அன்று முற்றத்தில் வந்து நின்றான். ஜெர்மனிக்குப் போக ஏஜென்சிக்காரன் ஒழுங்குபண்ணிவிட்டானாம். அப்போது பெடியங்கள் அப்படிப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

"மாமி, நீங்கள் போனனீங்களாமே. அங்க எப்பிடி?"

அவள் முற்றத்தில் காயவிட்ட நெல்லை விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே அவனுடைய காலைப் பார்த்தாள். ரப்பர் செருப்பு.

"நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டு போ தம்பி. ஒரு அளவு பெரிசா வாங்கு, குளிருக்குக் காலில ரெண்டு மேசு போடவேணும். ஆரும் பாணைப் பிய்ச்சுத் தந்தால் வேண்டாம் எண்டு சொல்லாதை."

"அவ்வளவுதானோ மாமி?"

"நீ எப்ப திரும்பி வருவாய்?"

அவன் வேலியைப் பார்த்தான். கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு ஒரு சாக்கைப் பிடித்தான், நான் வாயை விரித்துப் பிடித்தேன், அவள் நெல்லை அள்ளிக் கொட்டினாள்.